ஈரமண்ணில் புதைத்த தகடு

கடிகாரம் ஒரு சத்தம் போட்டால் போதாதா, இது ஏன் இரண்டு சத்தம் போடுகிறது என்று லரீபா கேட்டபோது இத்ரூஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதுளைக் கடைத்தெருவில் மாமாவின் கடையில் மீசை முளைக்கும் முன்பே கடிகாரங்களின் குடலை உருவிப் பழகியவன் அவன். அவனிடம் வந்து, அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருப்பவள் கடிகாரத்துக்குக் குறை சொல்கிறாள். பிளேன்டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, சுவரில் தொங்கியதை நிமிர்ந்து பார்த்தான். டக் என்றது. பெரிய முள் அரை நிமிடம் தள்ளிப்போய் நின்றது. சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் அது கேட்டது. முதல் சத்தத்துக்கு ஒரு மூச்சு தள்ளி, மெதுவாக, கடிகாரத்தின் உள்ளிருந்து அல்லாமல் அதற்கும் பின்னால் எங்கோ இருந்து, இன்னொரு டக். முள் அசையவில்லை.

"கேட்டிச்சா?" என்றாள் லரீபா.

"கம்பியில தண்ணி பட்டிருக்கும். மழைக்கு அப்பிடித்தான்."

மழை விட்டு இரண்டு நாளாகிறது என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

பசறைப் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் இன்னும் தப்புப் பறை அடித்தே ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்த நாளில், பனிக்கல் தோட்டத்துப் பெரிய துரைக்கு மட்டும் மின்சாரப் பித்துப் பிடித்திருந்தது. கொழுந்தை வறுக்கிற தேயிலை ஸ்டோரில் ஆள் உயரத்துக்கு ஒரு கடிகாரத்தை வரவழைத்து நிறுத்தினார். அதைப் பார்த்துக்கொள்ள வந்த இத்ரூஸ் அதைத் தாய்க்கடிகாரம் என்பான். அதன் ஊசல் ஆடும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை பற்றரியிலிருந்து சின்னதாக ஒரு மின்துடிப்பு கம்பியில் கிளம்பும். அந்தக் கம்பி பங்களா, டிஸ்பென்சரி, ஆட்கள் குடியிருக்கும் மேல் லயம், இத்ரூஸின் வீடு, கடைசியில் கீழ் லயம் என்று தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்டோருக்கே திரும்பி வரும். வழியெல்லாம் தொங்கும் பிள்ளைக் கடிகாரங்கள் அந்தத் துடிப்புக்கு ஒரே சமயத்தில் ஒரு டக் போட்டு, ஒரே சமயத்தில் முள்ளை நகர்த்தும். சொந்தமாக ஓட அவற்றுக்குள் எதுவும் கிடையாது. விடிகாலையில் தாய்க்கடிகாரம் நீளமாக ஒரு துடிப்பு அனுப்பினால் ஒவ்வொரு கடிகாரத்தின் கீழும் உள்ள மணி கணகணவென்று அடிக்கும். ஆட்கள் எழுந்து களத்துக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் பதில் சொல்வார்கள். அதுதான் பெரட்டு.

சனிக்கிழமைதோறும் இத்ரூஸ் தெமோதரை ஸ்டேஷனுக்கு நடந்துபோவான். கொழும்பிலிருந்து தந்திக் கம்பியில் வரும் ரயில் நேரத்தைத் தன் பைக்கடிகாரத்தில் பிடித்துவந்து தாய்க்கடிகாரத்துக்குக் காட்டுவான். கொழும்புக்காரன் நேரம் தோட்டத்துக் கொழுந்துக் கூடை வரைக்கும் வந்து சேர்வது தன் கையால்தான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. லரீபாவைக் கட்டி இங்கே கூட்டிவந்தபோது, நாள் முழுக்கத் தனியாக இருப்பாளே என்று, துரையிடம் கேட்டு வீட்டுக்கும் ஒரு கடிகாரம் வாங்கி மாட்டினான். அவன் எப்போது வருவான் என்று அதைப் பார்த்தே அவள் உலை வைப்பாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை, பெரட்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில், மேட்டு மலை பிளந்து கீழ் லயத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. காம்பராக்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உறங்கியபடியே உள்ளே போனார்கள். கீழ் லயத்துக் கங்காணி ரெங்கசாமியும் அவர்களோடு போனார். கொஞ்ச நாள் தோண்டினார்கள். கிடைத்தவர்கள் சிலர்தான். மேலே நிற்கிற மண்ணும் விழும், தோண்டியது போதும் என்று துரை நிறுத்திவிட்டார். செத்தவர்களை விட்டுவிடலாம், பெரட்டை விட முடியாதே. கீழ் லயத்தோடு திரும்பிவரும் கம்பியும் போய்விட்டது. புதுக் கம்பி கொழும்பிலிருந்து வரவேண்டும்.

அப்போதுதான் இத்ரூஸ் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தான். தந்திக்காரர்களுக்குத் திரும்புகிற கம்பியே தேவையில்லை, மண்ணே அவர்களுக்குக் கம்பி என்பதைத் தெமோதரையில் பார்த்திருந்தான். தன் வீட்டுக்கு அப்பால், மலை சரிந்த இடத்தின் ஓரத்தில், முழங்கை ஆழத்துக்குத் தோண்டி ஒரு செப்புத் தகட்டைப் புதைத்துக் கம்பி நுனியை அதில் முடுக்கினான். இன்னொரு தகட்டை ஸ்டோருக்குப் பின்னால் ஓடைக்கரையில் புதைத்தான். துடிப்பு அவன் வீட்டைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கி, சரிவுக்குள்ளேயே நடந்து ஸ்டோர் வந்து சேர்ந்தது. எல்லாக் கடிகாரமும் ஓடின. பார்த்து நின்ற ஆட்கள், இத்ரூஸ் நானா ஏதோ ஓதிய தகடு புதைக்கிறார், இனி மலை விழாது என்று பேசிக்கொண்டார்கள். துரை அவன் முதுகில் தட்டினார்.

லரீபாவுக்கு இது ஏழாம் மாதம். பெண் என்றால் ஸவாஹிரா என்று வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கண்ணூறு படும் என்று அதை அவள் உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இரவில் விளக்கை அணைத்த பிறகு, கடிகாரம் தொங்கும் அந்தச் சுவருக்குக் கீழே படுத்துக்கொண்டு, அவன் காதில் மட்டும் சொல்வாள்.

அந்த இரண்டாவது டக் இத்ரூஸை இருக்க விடவில்லை. ஸ்டோருக்குப் போனான். தாய்க்கடிகாரம் கண்ணாடிக் கதவுக்குள் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. வறுத்த தேயிலையின் வாசனையும் இயந்திர எண்ணெயின் வாசனையும் எப்போதும்போல் கலந்து வந்தன. தொடுமுனைகளைத் துடைத்தான், பற்றரிக்குத் தண்ணீர் விட்டான், திருகுகளை முடுக்கினான். ஒன்றும் பழுதில்லை. வீட்டுக்கு வந்தான். டக். ஒரு மூச்சு. டக். மறுபடி ஸ்டோருக்குப் போனான். அன்று அந்த ஏற்றத்தில் அவன் ஏறி இறங்கிய தடவைகளைப் பார்த்து, கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்ற பெண்கள், நானாவுக்குக் காலில் அட்டை கடிக்குதோ என்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான். காலில் அட்டை ஒன்றும் இல்லை.

துரையிடம் கெட்டுப்போன டெலிபோன் ஒன்றிலிருந்து கழற்றிய காதுக்குழல் அவனிடம் இருந்தது. மறுநாள் பின்னேரம் அதை எடுத்துக்கொண்டு சரிவின் ஓரத்துக்குப் போனான். மூடுபனி மெல்லக் கீழிறங்கி வந்துகொண்டிருந்தது. சரிந்த மண் இன்னும் பச்சையாக, சிவப்பாக, புரட்டிப்போட்ட தேயிலை வேர்களோடு கிடந்தது. பிளந்த மண்ணின் வாசனை, அதற்கு அடியில் அடுப்புச் சாம்பலும் பழைய துணியும் சேர்ந்த ஒரு காம்பரா வாசனை. மண்ணுக்குள் இறங்குகிற கம்பியில் குழலின் முனையைத் தொட்டு, அதைக் காதில் வைத்தான்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு துடிப்பு வந்தது, காதுக்குள் சுண்டினாற்போல் ஒரு டக். அவன் காத்திருந்தான். பதில் வந்தது. அது ஒன்றல்ல. முதலில் ஒன்று, கனமாக. அதற்கு அப்பால் ஒன்று, அவசரமாக. அதற்கும் அப்பால் இன்னொன்று. ஒன்றன்பின் ஒன்றாக, முறை தவறாமல், ஒன்று முடிந்தபின் அடுத்தது. ஒன்று போல் ஒன்று இல்லை. நடுவில் வந்த ஒன்று மிகவும் சின்னது, குழந்தை நாக்கைச் சொடுக்கியது போல. இத்ரூஸ் கடைசி எது என்று காத்திருந்தான். கடைசி வருமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டது.

"எத்தன பேரு நானா?"

குழல் கையிலிருந்து விழுந்தது. பின்னால் அழகையா நின்றிருந்தான். ஒரு காலத்தில் பெரட்டுக்குத் தப்பு அடித்தவன். மணி வந்தபிறகு அவனைப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் பழக்கதோஷத்தில் தினமும் மணிக்கு முந்தியே எழுந்து களத்தில் போய் நிற்பான். அதனால்தான் மலை விழுந்த அன்று அவன் வெளியே இருந்தான். அவன் பெண்சாதி நல்லம்மா உள்ளே இருந்தாள்.

"என்ன எத்தன பேரு?" என்றான் இத்ரூஸ்.

"பதில் சொல்றவங்க. நானும் கம்பத்துல காத வச்சுப் பாத்தேன். எண்ண முடியல. நல்லம்மா மட்டும் தெரியுது. பேர முழுசா கூப்பிடுறதுக்குள்ள பதில் சொல்லிருவா. கங்காணி அதுக்கே ஏசுவாரு."

"அது கரண்டு, அழகையாண்ணே. மண்ணு ஈரமா இருந்தா அப்பிடித்தான்."

"இருக்கும் நானா." அழகையா குந்தி உட்கார்ந்து, விழுந்த குழலை எடுத்துத் தன் இடுப்புச் சாரத்தில் துடைத்து நீட்டினான். "எங்களுக்கு அது பழக்கம். பேரு கூப்பிட்டா பதில் சொல்லணும். சொல்லலன்னா அன்னிக்கு நம்ம இல்ல. அவங்க மணிக்காகத்தானே படுத்திருந்தாங்க. தொர போதும்னுட்டாரு. யாரும் கூப்பிடல. நீங்கதான் கூப்பிட்டீங்க, ராப்பகலா."

அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. நன்றி சொல்கிற தொனி இருந்தது. இத்ரூஸ் குழலை வாங்கி இடுப்பில் செருகினான். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான்.

சனிக்கிழமை தெமோதரைக்குப் போனான். வழியெல்லாம் வெயில், ரயில் புகை, கடலைக்காரன், ஸ்டேஷன் மாஸ்டரின் வெற்றிலைச் சிரிப்பு. இவை எல்லாவற்றையும் பார்த்தபோது தான் பயந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. நேரத்தைப் பைக்கடிகாரத்தில் பிடித்துக்கொண்டு பொழுது சாயத் தோட்டத்துக்குத் திரும்பினான். ஸ்டோருக்குள் போய்த் தாய்க்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். தாய்க்கடிகாரம் பின்தங்கி இருந்தது. எந்த வாரமும் இவ்வளவு பின்தங்கியதில்லை. பங்களாவில் பார்த்தான், டிஸ்பென்சரியில் பார்த்தான். எல்லாமே ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. அவன் கையில் இருந்தது மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம், தன் பைக்கடிகாரம்தான் பிழையோ என்றுகூட நினைத்தான்.

தாயைத் திருத்தி வைத்துவிட்டு ஊசலைக் கவனித்து நின்றான். ஊசல் போகிற போக்கில் ஒரு தயக்கம் இருந்தது. எதற்கோ காத்திருந்து, அதைக் கேட்ட பிறகு நகர்வது போல ஒரு தயக்கம்.

வீட்டில் லரீபா விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"இப்ப சின்னது முந்தி வருது."

"என்ன முந்தி வருது?"

"கேளுங்க."

கேட்டான். சுவருக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு டக். ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் கடிகாரம் டக் என்றது. முள் நகர்ந்தது. இதுவரை இங்கிருந்து கேட்டதற்கு அங்கிருந்து பதில் வந்தது. இப்போது அங்கிருந்து கேட்கிறது, இங்கிருந்து பதில் போகிறது. கடிகாரக்காரனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. எது முந்துகிறதோ அதுதான் தாய்.

லரீபா அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. சுவருக்குப் பின்னால் டக். அவன் உள்ளங்கைக்குக் கீழே, சேலைக்கும் தோலுக்கும் உள்ளே, சின்னதாக ஓர் உதை. கடிகாரம் டக். மறுபடி காத்திருந்தார்கள். மறுபடி அதே.

"காலையில இருந்து இப்பிடித்தான்," என்றாள். "புள்ளயும் அதோட சேந்து அசையுது. எனக்கு பயமா ஈக்குது. பதுளைக்கிப் பெய்த்திருவோம்."

"திங்கக்கிழமை மாட்டுக் கரத்த வருது. நீ உம்மா வீட்ட போ. நான் பின்னால வாறன்."

கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கம்பி முனைகள் இரண்டையும் முறுக்கிக் கட்டிவிட்டு, அதைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தான். இருவரும் அடுப்படியில் படுத்தார்கள். உறங்கவில்லை. சாக்குக்குள் அது ஓடுவது இரவு முழுவதும் கேட்டது. எந்தக் கம்பியும் அதில் இல்லை என்று இத்ரூஸ் லரீபாவிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை பங்களாவுக்கு ஓடினான். துரை விறாந்தையில் நாயோடு உட்கார்ந்திருந்தார். தகட்டை எடுத்துவிட வேண்டும், கம்பி வரும்வரை மணி வேண்டாம், தப்பு அடிக்கட்டும் என்று இத்ரூஸ் கெஞ்சினான். காரணம் கேட்டார். மண் சரியில்லை என்றான்.

"கம்பி வாறது. அது வரைக்கும் நீ தொடாதே," என்றார் துரை. "பெரட்டு நிக்கக் கூடாது."

நேரே சரிவுக்குப் போனான். யார் என்ன சொன்னால் என்ன, மண்வெட்டி அவன் கையில் இருந்தது. தகடு முழங்கை ஆழத்தில்தான் இருக்க வேண்டும், புதைத்தவனே அவன்தானே. முழங்கை ஆழம் தோண்டினான். தகடு இல்லை. கம்பி மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. கல்லை உருட்டி, வேரை வெட்டி, பின்னேரம் வரை இடுப்பு ஆழம் தோண்டினான். கம்பி இன்னும் கீழே போனது. கம்பத்திலிருந்து தளர்வாக விட்டிருந்த கம்பி அது. இப்போது வீணைத் தந்தியை முறுக்கினாற்போல் விறைத்து நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ மெல்லச் சுண்டி இழுத்ததுபோல், விரல் அகலம் உள்ளே போனது.

குழியிலிருந்து எப்படி ஏறினான் என்று தெரியவில்லை. மேலே அழகையா நின்றிருந்தான். கழுத்தில் பழைய தப்பு தொங்கியது. குளித்து, சுத்தமான சட்டை போட்டு, தலைப்பாகை கட்டியிருந்தான்.

"எங்க நானா ஓடுறீங்க?"

"ஸ்டோருக்கு. நிறுத்தப் போறன். எல்லாத்தயும் நிறுத்தப் போறன்."

"கூப்பிடுறத நிறுத்தலாம்," என்றான் அழகையா. "எந்திரிச்சவங்கள என்ன செய்வீங்க?"

இத்ரூஸ் ஓடினான். அந்தக் கம்பியை அங்கேயே வெட்டியிருக்கலாம். குறடு இடுப்பில்தான் இருந்தது. ஆனால் அதைத் தொட அவனுக்குத் துணிவில்லை. அதோடு, தாயை நிறுத்தினால் பிள்ளைகள் நிற்கும் என்பதுதான் அவன் கற்ற தொழில். கற்ற தொழிலை நம்பி ஓடினான்.

முதலில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். லரீபா பெட்டி கட்டி வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நான் வாற வரைக்கும் வெளிய வராத. மணி அடிச்சாலும் வராத. யார் கூப்பிட்டாலும் வராத."

"எங்க பெய்த்து வாறீங்க?"

"இப்ப வந்திருவன்."

கதவைச் சாத்தி வெளிப்பக்கம் கொண்டியைப் போட்டான்.

பகலே மங்கிவிட்டிருந்தது. மூடுபனி தேயிலை நிரைகளுக்கு இடையில் நிரம்பி, பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறு என்பதால் ஸ்டோரில் இயந்திரம் ஓடவில்லை. கொழுந்து வாட்டும் மாடியின் ஜன்னல்கள் மூடிக்கிடந்தன. காலியான கட்டடத்துக்குள் அவன் மூச்சு அவனுக்கே பெரிதாகக் கேட்டது. தேயிலை வாசனை இல்லை. பிளந்த மண்ணின் வாசனை. சாம்பல் வாசனை. பழைய துணி வாசனை.

பற்றரிக் கம்பியைப் பிடுங்கினான். கண்ணாடிக் கதவைத் திறந்து ஊசலை இரண்டு கையாலும் பிடித்தான். அது கைக்குள் ஒருமுறை திமிறியது. நின்றது.

அமைதி.

இத்தனை நாளும் இப்படியோர் அமைதி இருந்ததையே மறந்துவிட்டோம் என்று நினைத்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. அல்லாஹ்வே என்று சொல்லிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். ஊசலை இன்னும் விடவில்லை.

டக்.

தாய்க்கடிகாரத்தின் முள் நகர்ந்தது.

ஊசல் அவன் கையில் இருந்தது. பற்றரிக் கம்பி தரையில் கிடந்தது. முள் மறுபடி நகர்ந்தது. டக். டக். அரை நிமிடம் காத்திராமல். டக். டக். டக். இதுவரை மண்ணுக்குள்ளிருந்து வரும் துடிப்பை எதிர்த்து இழுத்துக்கொண்டிருந்தது இந்த ஊசல் ஒன்றுதான். அதைத்தான் அவன் தன் கையாலேயே நிறுத்தியிருந்தான். அது புரிந்த அந்த நொடியில் முள் வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பெரட்டு நேரம்.

தோட்டம் முழுவதும் மணி அடித்தது.

அவன் ஓடினான். மேல் லயத்தில் ஆட்கள் வாசலுக்கு வந்து, பொழுது போகிற நேரத்தில் என்ன பெரட்டு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். நிற்கவில்லை. வழுக்கி விழுந்தான். எழுந்தான். மணி நிற்கவில்லை. வீட்டு வளைவு. வேலி. கதவு.

கதவு திறந்திருந்தது.

கொண்டி போட்டது போட்டபடியே இருந்தது. கதவுதான் நிலையை விட்டுக் கழன்று, உள்ளிருந்து வெளியே சாய்ந்திருந்தது. பெட்டி இருந்தது. முக்காடு தரையில் இருந்தது. கட்டிலுக்கு அடியில் சாக்கு அவிழ்ந்து கிடந்தது. கடிகாரம் சுவரில் தொங்கியது. வாசலிலிருந்து சரிவுப் பக்கம் வெறுங்கால் தடம். ஒருத்தியின் தடம் மட்டும்.

"லரீபா!"

மணி நின்றது.

மூடுபனிக்குள் தப்பு கேட்டது. நிதானமான அடி, பழைய பெரட்டு அடி. அவன் அதை நோக்கி நடந்தான். முதலில் அழகையாவின் தலைப்பாகை தெரிந்தது. அவன் யாரையோ பார்த்துச் சிரித்தபடி அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால், சரிந்த மண்ணின் மேல், வரிசை. பெரிய ஆட்கள் முன்னால், சிறியவர்கள் பின்னால், களத்தில் நிற்கிற அதே முறையில். தலையிலிருந்து கால்வரை ஒரே நிறம், மண்ணின் நிறம். கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டிருந்த பெண்கள் அதை நேராக்கிக்கொண்டார்கள்.

தப்பு நின்றது. கரகரத்த தொண்டை ஒன்று பேர் கூப்பிடத் தொடங்கியது. ரெங்கசாமி கங்காணியின் தொண்டை.

"நல்லம்மா."

பேர் முடியுமுன் பதில் வந்துவிட்டது. திறந்த வாயிலிருந்து குரல் வரவில்லை. டக் என்று ஒரு சத்தம்.

அடுத்த பேர். டக். அடுத்தது. டக். வரிசை நெடுக அது நகர்ந்து வந்தது. இத்ரூஸ் வரிசையின் கடைசியைப் பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைசியில், முக்காடு இல்லாத தலையோடு, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கியபடி, முழங்கால் வரை மண்ணுக்குள் அவள் நின்றிருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. கங்காணியின் தொண்டை கூப்பிட்டது.

"லரீபா."

"இருக்கேங்க," என்றாள். அவள் பேச்சு அது இல்லை. தோட்டத்து ஆட்களின் பேச்சு.

அவன் வாய் திறந்தான். அவளைக் கூப்பிட நினைத்தான். கூப்பிடத்தான் பயமாக இருந்தது.

கங்காணி கொஞ்சம் நிறுத்தினார். வரிசையில் இன்னும் ஒரு பேர் இருப்பதுபோல. இந்த உலகத்தில் அந்தப் பேரை அறிந்தவர்கள் இருவர்தான். அதை அவர்கள் இருளில் சொல்லிக்கொண்டார்கள், அந்தச் சுவருக்குக் கீழே படுத்து.

"ஸவாஹிரா."

லரீபாவின் உதடு அசையவில்லை. அவள் தாங்கியிருந்த கைகளுக்குக் கீழே, வயிற்றுக்குள்ளிருந்து, தெளிவாக, மிகச் சின்னதாக, டக் என்று பதில் வந்தது.